இது எவ்வளவு பழசு? – ஒரு வெற்றிலைச் செல்லம் கடல் தாண்டிய கதை

அடையாறு காந்தி நகரில் நாங்கள் இருக்கும் பழைய ஃப்ளாட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். அதுவரை வாடகை வீடு, அதுவும் சின்ன வீடு. எனவே 2025 தொடக்கத்தில் பரணைக் காலி செய்தோம். இரண்டு பித்தளை அண்டா, பாடாத வால்வு ரேடியோ ஒன்று, நாலு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகங்கள், அப்புறம் அம்மா வழிப் பாட்டியின் வெற்றிலைச் செல்லம். காயலான் கடைக்காரர் எல்லாப் பித்தளையையும் ஒரே தராசில் வைத்து ஒரே விலை சொன்னார். அண்டாவுக்கும் செல்லத்துக்கும் கிலோ கணக்கு ஒன்றுதான். மனசு கேட்கவில்லை. செல்லத்தை மட்டும் தனியே எடுத்து வைத்து, படம் பிடித்து இணையத்தில் விற்பனைக்குப் போட்டேன்.

இரண்டே வாரத்தில் நியூ ஜெர்சியில் இருந்து ஒருவர் 140 டாலருக்குக் கேட்டார். அவர் வீட்டிலும் இதே மாதிரி ஒன்று இருந்து, பாகப்பிரிவினையில் கைமாறிப் போய்விட்டதாம். சரி, தகுந்த இடத்துக்குத்தான் போகிறது என்று சந்தோஷமாகக் கட்டினேன்.

பார்சல் மூன்றாவது வாரம் திரும்பி வந்தது. தவறு என்னுடையதுதான். விளம்பரத்தில் "100 வருட ஆன்ட்டிக்" என்று எழுதியிருந்தேன். அப்படி எழுதினால்தானே விலை வரும்? அதே வார்த்தையைச் சுங்கப் படிவத்திலும் எழுதித் தொலைத்தேன். "கிஃப்ட்னு டிக் பண்ணி அனுப்பிடு, யாரு பாக்கப் போறா" என்று நண்பன் சொன்னதைக் கேட்காமல், விற்பனை என்றே குறித்து, 500 ரூபாய் கட்டி ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண்ணும் வாங்கி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த பெருமையில் இருந்தேன். பார்சலோடு வந்த சீட்டில் இருந்தது ஒரே விஷயம்: இது தொல்பொருள் இல்லை என்பதற்குச் சான்றிதழ் வேண்டும்.

விற்க உதவிய அதே வார்த்தை, அனுப்ப விடாமல் தடுத்துவிட்டது. சுங்கத்துறைக்கு ஒரு பொருளின் வயதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல்தான் இந்தக் கட்டுரை.

வயதைக் கேட்காத சுங்கம்

நமக்குச் சுங்கம் புதிதில்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் ஏற்றுமதி, இறக்குமதிப் பொதிகளை அளந்து, சோழரின் புலி முத்திரை குத்தி அனுப்பியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. இன்றைய சுங்க முத்திரையின் கொள்ளுத்தாத்தா அந்தப் புலிதான். ஆனால் அங்கே கேள்வி 'என்ன பொருள், எவ்வளவு' என்பதோடு முடிந்தது. பொதிக்குள் இருப்பது புதுசா பழசா என்பது வரி வாங்குபவரின் கவலை இல்லை.

கம்பெனி காலத்திலும் அப்படித்தான். கர்னல் காலின் மெக்கன்சி 1821ல் இறந்த பிறகு, அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் அவர் மனைவியிடம் இருந்து கம்பெனி விலைக்கு வாங்கியது. ஒரு பகுதி லண்டனுக்குப் போனது, ஒரு பகுதி மதராஸுக்கு வந்தது. அமராவதி ஸ்தூபியின் சிற்பங்கள் 1859ல் மதராஸில் இருந்து கப்பலேறி லண்டன் போயின. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. சரக்கு அனுப்பியதும் அரசுதான், தடுக்க வேண்டியதும் அரசுதான் என்றால் யார் யாரைக் கேட்பது?

1878ல் இரண்டு சட்டங்கள் வந்தன. புதையல் சட்டம், மண்ணுக்கு அடியில் கிடைப்பது யாருக்கு என்று சொன்னது. கடல் சுங்கச் சட்டம், அறிவிக்கை மூலம் எந்தப் பொருளின் போக்குவரத்தையும் தடை செய்யும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. கர்சன் காலத்தில் வந்த 1904ஆம் ஆண்டு பண்டைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தில்தான் தொல்பொருள்கள் வெளியே போவதைத் தடுக்கலாம் என்று தனியாக ஒரு பிரிவு சேர்ந்தது. கவனியுங்கள், 'தடுக்கலாம்' தான். 'தடுக்க வேண்டும்' என்று இல்லை.

கடைசியில் 1947ல் தொல்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 100 வருடத்துக்குக் குறையாத சிற்பம், நாணயம், சுவடி, கைவினைப் பொருள் எதுவானாலும் உரிமம் இல்லாமல் வெளியே போகக் கூடாது. சுங்க அதிகாரி முதல் முறையாகப் பொதியைப் பார்த்து, 'இது எவ்வளவு பழசு?' என்று கேட்க ஆரம்பித்தார்.

சிவபுரமும் செப்டம்பர் 9ஆம் தேதியும்

அந்தக் கேள்வி மட்டும் போதவில்லை. அதற்கு நல்ல உதாரணம் சிவபுரம் நடராஜர். தஞ்சாவூர் மாவட்டத்தில் 1951ல் மண்ணுக்குள் இருந்து கிடைத்த சோழர் காலச் சிலை. 1950களின் நடுவில் பழுது பார்க்க அனுப்பியபோது அசலை எடுத்துக்கொண்டு நகலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஊர் அந்த நகலைத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தது. 1965ல் டக்ளஸ் பாரெட் என்ற பிரிட்டிஷ் மியூசிய அறிஞர், கோயிலில் இருப்பது அசல் இல்லை என்று எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அசலை 1973ல் அமெரிக்கக் கோடீஸ்வரர் நார்ட்டன் சைமனின் அறக்கட்டளை வாங்கியது. வழக்கு, சமரசம் எல்லாம் முடிந்து சிலை திரும்பியது 1986ல்.

1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஓட்டை இதுதான். அது வாசலில் மட்டும் காவல் வைத்தது. வீட்டுக்குள் யார் எதை வைத்திருக்கிறார்கள், யார் யாருக்கு விற்கிறார்கள் என்று கணக்கு எதுவும் கிடையாது.

1972ல் புதுச் சட்டம் வந்தது. தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972ஆம் வருடத்தின் 52ஆம் எண் சட்டம். ஒப்புதல் கிடைத்த நாள் செப்டம்பர் 9. அதே நாளில் அடுத்த எண்ணாக, 53ஆவதாக வந்தது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு பழைய வீட்டின் பரண் முழுக்க அடங்கிவிடும். தந்தம் பதித்த பெட்டியும் மான் கொம்பும் 53க்குள், ஐம்பொன் விக்கிரகமும் ஏட்டுச்சுவடியும் 52க்குள்.

52ஆம் எண் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1976 ஏப்ரல் 5 அன்று. 100 வருட எல்லை அப்படியே தொடர்ந்தது. அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் மதிப்புள்ள சுவடிகள், ஆவணங்களுக்கு மட்டும் 75 வருடம். தனியார் யாரும் தொல்பொருளை ஏற்றுமதி செய்யவே முடியாது. மத்திய அரசோ அதன் அனுமதி பெற்ற அமைப்போதான் செய்யலாம். உள்நாட்டில் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். குறிப்பிட்ட வகைப் பொருள்களைப் பதிவு செய்ய வேண்டும். மீறி வெளியே அனுப்பினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை. ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்று சந்தேகம் வந்தால் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரோ அவர் அதிகாரம் அளித்தவரோ சொல்வதுதான் முடிவு. என் செல்லம் போய் மாட்டிக்கொண்டது இந்தக் கடைசி விதியில்தான்.

அந்தப் பக்கமும் 100

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்கா 1909ஆம் வருட வரிச் சட்டத்தில் 100 வருடத்துக்கு மேல் பழமையான பொருள்களுக்கு இறக்குமதி வரியை நீக்கியது. பணக்காரர்கள் ஐரோப்பாவில் இருந்து அள்ளிக்கொண்டு வந்த காலம் அது. இன்று உலகம் முழுக்கச் சுங்கத்துறைகள் பயன்படுத்தும் பொருள் வகைப்பாட்டிலும் 9706 என்ற தலைப்பு '100 வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருள்' என்பதற்குத்தான்.

ஆக, இந்தியாவை விட்டுக் கிளம்ப 100க்குக் கீழே இருக்க வேண்டும். அங்கே சலுகையோடு இறங்க 100க்கு மேலே இருக்க வேண்டும். வாங்குபவரும் 100க்கு மேல் இருந்தால்தான் விலை தருவார். நேர்மையாக விற்பவன் இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

நேர்மையைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. கிளம்பும்போது ஒரு காகிதம், இறங்கும்போது வேறு காகிதம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்து திருடப்பட்ட நடராஜர் அப்படிப் போனவர்தான். இந்த மாதிரிச் சிலைகள் இங்கே இருந்து கிளம்பியது 'கைவினைப் பொருள்' என்ற பெயரில். நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடம் இருந்து ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் இந்த நடராஜரை 2008ல் வாங்கியபோது, அதற்கான காகிதங்கள் சிலை 1972ஆம் வருடச் சட்டத்துக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகச் சொல்லின. எல்லாம் போலி. கொடுத்த விலை சுமார் 50 லட்சம் டாலர். 2014ல் சிலை திரும்பி வந்தது. கபூர் 2011ல் ஜெர்மனியில் கைதாகி, 2012ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, உடையார்பாளையம் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றத்தில் 10 வருடத் தண்டனை பெற்றார்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆயிரம் வருடத்துச் சிலை 'புதுசு' என்று சொல்லிக்கொண்டு போய்விட்டது. பாட்டியின் வெற்றிலைப் பெட்டி 'பழசு' என்று சொல்லி மாட்டிக்கொண்டது. கொஞ்சம் யோசித்த பிறகு கோபம் குறைந்தது. சுங்க அதிகாரியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். ஒரு நாளில் மலை மாதிரிப் பொதிகள். எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க முடியாது. பிரித்தாலும் பித்தளையின் வயது கண்ணுக்குத் தெரியாது. கும்பகோணம், நாச்சியார்கோயில் பக்கம் ஒரே வடிவத்தைத் தலைமுறை தலைமுறையாக வார்க்கிறார்கள். அவர் கையில் இருப்பது படிவத்தில் நான் எழுதிய வார்த்தை ஒன்றுதான். நானே "100 வருடம்" என்று எழுதிக் கொடுத்தால், அவர் வேறு என்ன செய்வார்?

அடியில் வெட்டிய பேர்

சரி, 100 வருடம் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. பார்க்கப் பழசாக இருந்தது, போட்டுவிட்டேன்.

திரும்பி வந்த பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள்.

"நூறு வருஷமா? உனக்கென்ன பைத்தியமா? அது எங்கம்மா கல்யாணத்துக்குச் சீர் வச்சது. கவுத்துப் பாருடா."

கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பாகத்தில் புள்ளி புள்ளியாக இரண்டு இனிஷியலும், பக்கத்தில் '7-9-51' என்ற தேதியும். துலக்கித் துலக்கித் தேய்ந்திருந்தது. சாய்வாக டார்ச் அடித்தால்தான் தெரிந்தது.

பாத்திரக் கடையில் பேர் வெட்டித் தருவது நமக்கெல்லாம் தெரிந்த வழக்கம். இன்று மின்சார ஊசியால் கிறுக்கித் தருகிறார்கள். அன்று சின்ன உளியையும் சுத்தியலையும் வைத்துப் புள்ளியாகக் கொத்துவார்கள். கல்யாணத்தில் பாத்திரம் மாறிப் போகாமல் இருக்கவும், யார் வைத்த சீர் என்று ஞாபகம் இருக்கவும் செய்த ஏற்பாடு. 74 வருடம் கழித்து அது ஒரு சுங்கக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்று அந்தக் கடைக்காரர் நினைத்திருக்க மாட்டார்.

செல்லத்தையும், அளவு குறித்த படங்களையும், அந்தத் தேதியின் குளோஸப்பையும் எடுத்துக்கொண்டு ஜார்ஜ் கோட்டையில் இருக்கும் தொல்லியல் துறை அலுவலகத்துக்கு விண்ணப்பத்தோடு போனேன். பொருளை நேரில் பார்த்துவிட்டுத்தான் சான்றிதழ் தருகிறார்கள். ஜூலை மாதம் என் கைக்கு வந்தது. 'தொல்பொருள் அல்ல.' பாட்டி செல்லத்துக்கு அரசாங்கமே வயசுச் சான்றிதழ் கொடுத்த மாதிரி இருந்தது.

ஒரு டாலரில் இருந்து 800 டாலர் வரை

இந்தப் பக்கக் கதவு திறந்ததும் அந்தப் பக்கக் கதவு மூடியது.

வெளிநாட்டில் இருந்து வரும் சின்னப் பார்சலுக்கு வரி வசூலிப்பதற்கு ஆகும் செலவு, வரியைவிட அதிகம். அதனால் ஒரு மதிப்புக்குக் கீழே இருந்தால் வரியே வேண்டாம் என்று அமெரிக்கா 1938ல் முடிவு செய்தது. அன்று எல்லை 1 டாலர். 1993ல் 200 டாலர் ஆனது, 2016ல் 800. உலகம் முழுக்க வீட்டில் இருந்தபடி பழைய சாமான் விற்பவர்கள் பிழைத்தது இந்த எல்லைக்குக் கீழேதான். ஒரு பழைய கைக்கடிகாரம், பேனா, இசைத்தட்டு எல்லாம் சத்தமில்லாமல் போய் இறங்கின. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகை எல்லா நாடுகளுக்கும் முடிவுக்கு வந்தது. வரியை யார், எப்படி வசூலிப்பது என்று தெளிவில்லாததால், ஆகஸ்ட் 25 முதலே இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. நான் செல்லத்தை மறுபடி கட்டி எடுத்துக்கொண்டு போனது அதற்கு அடுத்த நாள்.

அக்டோபர் 15 அன்று சேவை திரும்பத் தொடங்கியபோது புது ஏற்பாடு வந்திருந்தது. அறிவித்த மதிப்பில் 50 சதவீதத்தை வரியாக இங்கேயே முன்கூட்டிக் கட்ட வேண்டியிருந்தது அப்போது. 140 டாலர் செல்லத்துக்கு 70 டாலர் வரி. வாங்குபவருக்கு எழுதினேன், வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று. "பாதி நான் தர்றேன், பாதி நீங்க போடுங்க, அனுப்புங்க" என்றார். அனுப்பினேன்.

இந்த முறை படிவத்தில் எழுதியது: 'பயன்படுத்திய பித்தளைப் பெட்டி, 1951ல் செய்தது, விற்பனை, 140 டாலர்.' 'ஆன்ட்டிக்' கிடையாது, 'விண்டேஜ்' கிடையாது. கூடவே சான்றிதழின் நகல். நீங்கள் யாராவது இப்படி அனுப்பப் போகிறீர்கள் என்றால் என் அனுபவத்தில் சொல்வது இவ்வளவுதான்: என்ன உலோகம், எந்த வருடம், என்ன விலை என்று உள்ளதை எழுதுங்கள். வயதுக்கு ஆதாரம் பொருளிலேயே இருக்கிறதா என்று முதலில் கவிழ்த்துப் பாருங்கள். தந்தம், சந்தனம், ஈட்டி மரம் எதுவும் ஒட்டியிருந்தால் கட்டுவதற்கு முன்பே விசாரியுங்கள்.

போகாமல் விற்ற கதை

மிச்சம் இருப்பது அந்த நாலு பெட்டிப் புத்தகம். 1920கள், 30களில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் சில இருக்கின்றன. அவற்றுக்கும் வெளிநாட்டில் இருந்து ஒருவர் விலை கேட்டார். 75 வருடம், 100 வருடம் என்ற இரண்டு எல்லைகளும் இங்கே குறுக்கே வருகின்றன. ஆனால் இந்த முறை என்னை நிறுத்தியது சட்டம் இல்லை, அடையாற்றுக்குப் பக்கத்துலேயே நடந்த இன்னொரு விற்பனை.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள் உட்படக் கிடைத்த இடத்தில் எல்லாம் வாங்கிச் சேர்த்தார். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். மூர் மார்க்கெட் 1985ல் எரிந்து போனது. அவர் சேர்த்தது பிழைத்தது. 1992ல் அவர் இறந்த பிறகு, குடும்பத்தாரிடம் இருந்து அந்தச் சேகரிப்பு முழுவதையும் 1994ல் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது.

பழைய பொருளை வெளிநாட்டுக்கு விற்றதில் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய கதை எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் புத்தகங்கள் கப்பல் ஏறவில்லை. சென்னைக்கு வந்தன. இங்கேயே ஒரு நூலகம் அமைத்து, நுண்படம் எடுத்து, படிகளைச் சிகாகோவுக்குக் கொண்டுபோனார்கள். அசல் இன்று தரமணியில் இருக்கிறது, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக. எங்கள் வீட்டில் இருந்து ஆட்டோவில் பதினைந்து நிமிடம். கட்டணமும் பொறுமையும் இருந்தால் யாரும் போய்ப் படிக்கலாம். வாங்கியவருக்கு வேண்டியது உள்ளே இருக்கும் எழுத்து, தாள் இல்லை. அதனால் இது சாத்தியமானது. வெற்றிலைச் செல்லத்துக்கு இந்த வழி கிடையாது. நியூ ஜெர்சிக்காரருக்குப் படம் போதாது, கையில் திறந்து மூட வேண்டும்.

புத்தகம் கேட்டவருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. முதலில் நாலு பெட்டிக்கும் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு தரமணி போகிறேன். அவர்களிடம் இல்லாத புத்தகம் ஒன்று இருந்தாலும் அது அங்கேதான் போகும். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

செல்லம் நவம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டது. சுண்ணாம்பு டப்பி மூடி மட்டும் கொஞ்சம் நசுங்கியிருக்கிறதாம். அடிப்பாகத்தில் இருக்கும் '7-9-51' படத்தை அம்மா தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பியிருக்கிறேன்.